சக்கரத்தில் ஒரு வீடு: குளிர்காலத்துக்குப் பிறகு ட்ரெய்லரைத் தயார்படுத்துவது எப்படி?

கனடாவில் கோடைகாலக் காம்பிங் பருவம் மே மாதத்தின் நீண்ட வாரஇறுதியோடு தொடங்குவதாகக் கொள்வார்கள். விக்ரோரியா தினம் எனப்படும் அந்த விடுமுறை மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையில் வரும். அதாவது மே 18 முதல் 24 வரையான ஏதோ ஒரு நாள். 2009இல் அது மே 18ஆம் திகதியாகவே இருந்தது. 2015இலும் 2020இலும் அப்படித்தான், 2026இலும் அதுவே. ஊரெல்லாம் கூடாரமும் விறகும் ஏற்றிக்கொண்டு புறப்படும் நாளில் நம்மவர்கள் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே நினைவேந்தல் முடிந்து மே கடைசியிலோ யூன் தொடக்கத்திலோ முதல் பயணத்தை வைத்துக்கொள்வதே நமக்குத் தோதானது. ட்ரெய்லரைப் பொறுத்தவரை இந்தத் தாமதத்தால் நட்டம் எதுவும் இல்லை. உறைபனி முழுதாக விலகுவதற்கும் வேலைகளை ஆறுதலாகச் செய்வதற்கும் மேலதிகமாக ஓரிரு கிழமைகள் கிடைக்கின்றன.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறவினர்களுக்கு வட்ஸ்அப்பில் வந்துசேரும் படங்களில் இந்த வண்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரிய வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் ஒரு கதவு, சுருட்டி விரிக்கும் ஒரு சீலைப் பந்தல். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் இருக்கும். தனக்கென்று இயந்திரம் கிடையாது. ஒரு பிக்கப் அல்லது பெரிய வாகனம் இழுத்துச் செல்ல வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனிக்குள் நின்ற அந்தப் பெட்டியை மறுபடியும் ஆட்கள் படுத்துறங்கக்கூடிய இடமாக மாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. ஒன்ராறியோவை மனதில் வைத்து எழுதப்பட்டது. கியூபெக்கிலோ அல்பேர்ட்டாவிலோ இருப்பவர்கள் சட்டம் பற்றிய பகுதியைத் தங்கள் மாகாண விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் கூரை

மாரிக்கு முன்னர் ஓடு மாற்றுவதும் கிடுகு வேய்வதும் நமக்குப் பழகிய வேலைகள். ட்ரெய்லரிலும் வேலை கூரையில்தான் தொடங்குகிறது. தண்ணீர் உள்ளே போகுமானால் மற்றைய எல்லாத் திருத்தங்களும் வீண். பெரும்பாலான ட்ரெய்லர்களின் கூரை றப்பர் போன்ற ஒரு விரிப்பால் மூடப்பட்டிருக்கும். விரிப்பு இலகுவில் பழுதாகாது. காற்றுத்துளை, ஜன்னல், அன்ரெனா ஆகியவற்றைச் சுற்றிப் பூசியிருக்கும் பசைதான் வெடிக்கும். குளிரில் சுருங்கி வெயிலில் விரிந்து வெடித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதற்கென விற்கப்படும், தானாகப் பரவிச் சமப்படும் கூரைப் பசையையே பூச வேண்டும். குளியலறைக்கு அடிக்கும் சாதாரண சிலிக்கன் இந்த விரிப்பில் நெடுநாள் ஒட்டாது. அதன்மேல் பிறகு வேறெதுவும் ஒட்டவும் மாட்டாது.

உள்ளே வந்து மூலைகளையும் அலுமாரிகளின் உட்பக்கத்தையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமிழ்ந்தால், அல்லது மண்ணிறக் கறை தெரிந்தால், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் ஊறிவிட்டது என்று பொருள். பாவித்த ட்ரெய்லர் வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான். புதிய மெத்தை விரிப்பும் வாசனைத் திரவியமும் ஊறிய சுவரை மறைக்க நன்றாகவே உதவும்.

அடுத்தது எலி. ஆறு மாதம் ஆளில்லாத, மெத்தையுள்ள ஒரு பெட்டியை எலி விட்டுவைக்காது. எச்சத்தைக் கண்டவுடன் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டக் கூடாது. வட அமெரிக்காவில் மான் எலி எனப்படும் இனத்தின் எச்சத்திலிருந்து கிளம்பும் தூசியால் ஹன்ரா வைரஸ் தொற்றக்கூடும். நோய் அரிது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்தானது. கதவு ஜன்னல்களை அரை மணித்தியாலம் திறந்துவையுங்கள். கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரை எச்சத்தின்மேல் தெளித்து ஊறவிட்டு, பின்னர் கடதாசியால் துடைத்தெடுங்கள்.

தண்ணீர்க் குழாய்கள்

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் கொஞ்சம் தங்கியிருந்தாலே வெடிப்பதற்கு அது போதும். அதற்காகத்தான் இலையுதிர்காலத்தில் குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் விடப்படுகிறது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் திரவமும் காருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவமும் ஒன்றல்ல. ட்ரெய்லருக்குரியது புரொப்பிலீன் கிளைக்கோல். நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. காருக்கானது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல்; இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு, சிறுநீரகத்தை அழிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதைக் குடிதண்ணீர்க் குழாயில் ஊற்றுவது பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுப்பதற்குச் சமம். பாவித்த ட்ரெய்லர் வாங்கியவர்கள், முந்தியவர் எதை ஊற்றினார் என்று கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் பாவிக்க வேண்டாம்.

இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகாது என்று உறுதியான பிறகே கழுவத் தொடங்கலாம். நன்னீர்த் தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டு, எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நிறமும் நுரையும் போகும்வரை ஓடவிடுங்கள். ஷவர், மலசலகூடம், வெளிப்புறக் குழாய் இருந்தால் அது, எதையும் மறக்கக் கூடாது.

தண்ணீர் சூடாக்கி குளிர்காலத்துக்காகத் தனியே துண்டிக்கப்பட்டிருக்கும். அதன் வால்வுகளை வழமை நிலைக்குத் திருப்பி, தொட்டி நிரம்பியதை உறுதிசெய்த பிறகுதான் மின்சாரத்தைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் மின்சூடாக்கி எரிந்துபோகச் சில விநாடிகள் போதும். வசந்தகாலத்தில் ஆகக் கூடுதலாக நடக்கும் செலவுள்ள பிழை இதுவாகத்தான் இருக்கும். இரும்புத் தொட்டியுள்ள சூடாக்கிகளில், துருவைத் தான் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காக்கும் ஓர் உலோகக் கம்பி திருகப்பட்டிருக்கும். அது நான்கில் மூன்று பங்கு கரைந்திருந்தால் மாற்றுங்கள். அலுமினியத் தொட்டியில் இந்தக் கம்பி கிடையாது.

பின்னர் கிருமிநீக்கம். ஏறத்தாழ 57 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லிலீற்றர் வாசனையற்ற பிளீச் என்ற கணக்கில் கலந்து தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பிறகு வெளியேற்றி, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் கிணற்றுக்குக் குளோரின் போட்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் பம்ப் இடையிடையே தானாக இயங்கினால் எங்கோ கசிகிறது. மடுவத்தின் கீழும் மலசலகூடத்தின் பின்பக்கமும் முதலில் பாருங்கள்.

கழிவுத் தாங்கி பற்றியும் ஒரு வார்த்தை. இங்குள்ள வழிகாட்டி நூல்கள் மலசலகூடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுமாறு திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடதாசி மட்டும் பாவிப்பவர்களின் தாங்கியில் கழிவு குவிந்து இறுகிவிடுவதே காரணம். தண்ணீரால் கழுவும் நமது பழக்கம் இந்த விடயத்தில் தாங்கிக்கு நல்லது. மற்றைய தாங்கிதான், அதாவது சமையல் தண்ணீர் போகும் தாங்கிதான், நம்மால் கெடுகிறது. சோற்றுக் கஞ்சியும் பொரித்த எண்ணெயும் கறிச் சட்டி கழுவிய தண்ணீரும் அங்கே படிந்து இரண்டாம் நாளே மணக்கத் தொடங்கும். எண்ணெயைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு சட்டியைக் கழுவுங்கள்.

எரிவாயுவும் காற்றும்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

ட்ரெய்லரில் அடுப்பு, சூடாக்கி, பலவற்றில் குளிர்சாதனப் பெட்டியும்கூட புரொப்பேன் வாயுவில் இயங்கும். 2021ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையில் சமையல் எரிவாயுக் கசிவால் வீடு வீடாக அடுப்புகள் வெடித்தபோது, சவர்க்கார நுரை பூசிக் கசிவைப் பார்க்கும் முறையை ஊரில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். இங்கேயும் அதே முறைதான். சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு பொருத்திலும் நுரை பூசுங்கள். குமிழி பெருத்தால் உடனே மூடிவிட்டு, உரிமம் பெற்ற தொழிலாளியை அழையுங்கள். கனடாவில் சிலிண்டரை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்ய வேண்டும். திகதி சிலிண்டரின் கழுத்து வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியானதை நிரப்பித் தரமாட்டார்கள். சூடாக்கியின் வெளித்துளைகளுக்குள் குளவிக்கூடும் சிலந்திவலையும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அடைபட்ட துளையால் சுவாலை சரியாக எரியாது.

சரியாக எரியாத சுவாலை காபன் மொனொக்சைட்டைத் தருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையில் இருப்பவர் விழிக்கவே மாட்டார். நம்மவர்களிடம் ஒரு தனி ஆபத்து இருப்பதாக நினைக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கிலும் விறகடுப்பிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு நெருப்பைப் பற்றிய பயம் குறைவு. கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டி ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்வார்கள். அந்தக் கொட்டிலின் கிடுகுக்குள்ளாலும் தட்டிக்குள்ளாலும் காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. ட்ரெய்லர் அப்படியல்ல, குளிர் புகாதபடி இறுக மூடிய பெட்டி. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுப் படுப்பதோ, அணைந்த கரியடுப்பை உள்ளே எடுத்துவைப்பதோ குடும்பத்தோடு சாவதற்கு வழி. மின்பிறப்பாக்கியின் புகையும் ஜன்னலை நோக்கி வரக் கூடாது.

ஆகவே மூன்று கருவிகளைச் சோதியுங்கள்: புகை, காபன் மொனொக்சைட், எரிவாயு ஆகியவற்றுக்கான எச்சரிக்கைக் கருவிகள். எரிவாயுக் கருவி தரைக்கு அருகில் பூட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது, கீழே தேங்கும். கருவிகளின் பின்பக்கத்தில் திகதி இருக்கிறது. எரிவாயுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டுகளே ஆயுள். பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும் என்பதற்காகக் கருவி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. காலம் முடிந்தால் மாற்ற வேண்டும்.

சின்ன இடத்தில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்தால் புகைக் கருவி கத்தத்தான் செய்யும். உடனே யாராவது அதன் பற்றரியைக் கழற்றி மேசையில் வைப்பார்கள். இரவு அது மேசையிலேயே கிடக்கும். தாளிப்பதையும் பொரிப்பதையும் வெளியே ஒரு தனி அடுப்பில் வைத்துக்கொள்வதே சரி. மெத்தையிலும் மணம் ஊறாது. தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா, அவசர ஜன்னல் திறக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஜன்னலை எப்படித் திறப்பதென்று அப்பம்மாவுக்கும் காட்டிக்கொடுக்க வேண்டும்.

மின்சாரம்

முழுதாக மின்னேறிய 12 வோல்ட் ஈயப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் பாதிக்கும் கீழே போய்விட்டது. தண்ணீர் ஊற்றும் வகையென்றால் வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். வயரை மாறிக் கொடுத்தால் உருகிகள் போய்விடும். கழற்றும்போதே படம் எடுத்துவைப்பது புத்தி. லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது.

காம்பிங் தளங்களில் கிடைக்கும் 30 அம்பியர் இணைப்பு 3,600 வாற்றைத் தாங்கும். குளிரூட்டி, சோறு அவிக்கும் குக்கர், மின்கேத்தல் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் விழுந்துவிடும். சில தளங்களில் 15 அம்பியர்தான்.

சக்கரமும் இழுவையும்

ட்ரெய்லர் ரயர் தேய்ந்து கெடுவதில்லை, நின்று கெடுகிறது. ரயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்யப்பட்டது. பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளானால் மாற்றிவிடுவது நல்லது. நெடுஞ்சாலையில் வெடிக்கும் ரயர் சக்கர மறைப்பையும் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும். காற்றை, ரயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியுள்ள அளவுக்கு அடியுங்கள். சக்கரத்தின் பெயறிங்குகளுக்கு ஆண்டுக்கொருமுறை கிறீஸ் மாற்ற வேண்டும்.

இழுக்கும் வாகனத்திலிருந்து ட்ரெய்லர் கழன்றால் அதன் பிறேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யும் ஒரு மெல்லிய கம்பி முன்பக்கத்தில் இருக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியை இழுத்து, சக்கரம் இறுகுகிறதா என்று பார்த்து, உடனே திருப்பிச் செருகுங்கள்.

பாரத்தை எங்கே வைப்பது என்பது பலரும் கவனிக்காத விடயம். ட்ரெய்லரின் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் கொளுக்கியில் இறங்க வேண்டும். அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல்களும் கதிரைகளும் பின்பக்கம் ஏறினால் கொளுக்கி இலேசாகி, 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு பாரவூர்தி கடக்கும்போது ட்ரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். பாரமானவை அச்சுக்கு முன்னே, தரையோடு இருக்க வேண்டும். வாகனம் எவ்வளவு இழுக்கும் என்ற விளம்பர எண்ணை நம்பாமல், சாரதியின் கதவோரம் ஒட்டியுள்ள சுமைத் தாளைப் பாருங்கள். ஆறு பேரும் பொதிகளும் ஏறிய பிறகு கொளுக்கிக்கு மிஞ்சுவது பல வாகனங்களில் மிகக் குறைவு.

ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்குத் தனி இலக்கத் தகடும் பதிவும் வேண்டும். மொத்த நிறை 1,360 கிலோகிராம் அல்லது அதற்கு மேலென்றால் ட்ரெய்லருக்கே பிறேக் இருக்க வேண்டும். சாதாரண ஜி உரிமத்தோடு 4,600 கிலோகிராம் வரை இழுக்கலாம். ஓடும்போது ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பது சட்டவிரோதம். பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று உள்ளே விட முடியாது.

முகாம் என்ற சொல்

நம் பத்திரிகைகளில் காம்பிங் என்பதை முகாமிடுதல் என்று மொழிபெயர்க்கிறார்கள். அகராதிப்படி அது சரி. 2009இல் மெனிக் பாமில், முள்வேலிக்குள், தண்ணீர் பௌசருக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லி, வா விடுமுறைக்குப் போவோம் என்று அழைப்பது எப்படியிருக்கும் என்பதை மொழிபெயர்த்தவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். கட்டுரையில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருப்பது அதனால்தான்.

கூடாரம் வேண்டாம், தரப்பாள் சத்தம் வேண்டாம் என்று சொல்லும் மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அதைக் கேலி செய்ய வேண்டாம். ட்ரெய்லரில் உறுதியான சுவரும் பூட்டும் கதவும் இருப்பது அவர்களுக்குப் பெரிய வேறுபாடு. முதல் இரவை வீட்டு முற்றத்திலேயே கழித்துப் பார்க்கலாம். கசிவும் பழுதும் தெரியவரும், அவர்களுக்கும் இடம் பழகும். பல நகரங்களில் வீட்டு முன்றலில் ட்ரெய்லரை எத்தனை நாள் நிறுத்தலாம் என்பதற்கு விதி உண்டு, நகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெடிச்சத்தமும் இதே போன்றது. விக்ரோரியா தினத்தில் ரொரன்ரோ, மார்க்கம் எங்கும் வாணவேடிக்கை. சிலருக்கு அந்த இரவு நித்திரை இல்லை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் வாணவேடிக்கைக்கு முழுத் தடை. அந்த வாரஇறுதியில் பல பூங்காக்களில் மதுவும் தடை. நினைவேந்தல் வேறொரு நாளில் வரும் ஆண்டுகளில், நகரத்தைவிட்டு அங்கே போய்விடுவது நல்ல தெரிவு. ஆனால் இடம் சுலபத்தில் கிடைக்காது. முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்னர் காலை 7 மணிக்குத் திறக்கிறது. அல்கொன்குயின், சாண்ட்பாங்ஸ் போன்றவற்றில் மின்னிணைப்புள்ள இடங்கள் உடனே போய்விடும். கிழமை நாட்களில் தேடினால் வாய்ப்பு அதிகம்.

புறப்படும் நாளில்

வீட்டு விறகை ஏற்ற வேண்டாம். மரங்களை அழிக்கும் வண்டுகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. போகும் இடத்துக்குக் கிட்ட வாங்குங்கள். மே, யூன் மாதங்களில் கருப்பு ஈ மொய்க்கும். புல்லில் உண்ணி இருக்கும், லைம் நோயைப் பரப்பும். மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் தலைமயிருக்குள்ளும் பாருங்கள். கரடியுள்ள பூங்காக்களில் கறிச் சட்டியை வெளியே விட்டுப் படுக்கக் கூடாது.

கொளுக்கி, இரண்டு சங்கிலிகள், மின்னிணைப்பு, விளக்குகள் என்று ஒருவர் சொல்ல மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கூரைத் துளைகள் மூடியிருக்கின்றனவா, படிக்கட்டு மடித்தாயிற்றா, சிலிண்டர் மூடியாயிற்றா என்றும் பாருங்கள். சக்கரம் கழற்றிப் பூட்டப்பட்டிருந்தால், முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் பெற்றோல் நிலையமொன்றில் நிறுத்தி, அளவுகாட்டும் திருகியால் எல்லா நட்டுகளையும் மறுபடியும் இறுக்குங்கள். அப்படியே புறங்கையைச் சக்கர மையத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பெயறிங்கோ பிறேக்கோ இறுகுகிறது. அதைப் பார்த்துச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.